பத்து மாதச் சம்பளம்: வெளிநாட்டில் கூடைப்பந்து ஆடுவது எப்படிப்பட்ட வேலை?

வெளிநாட்டில் காசுக்குக் கூடைப்பந்து ஆடுகிறவர் யாரையாவது சொல்லுங்கள் என்று காரைக்குடிப் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் பந்து தட்டுகிற பையன்களைக் கேட்டுப் பாருங்கள். லெப்ரான், கர்ரி என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாரும் அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் நட்சத்திரங்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது இல்லை. அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடிவிட்டு, இப்போது துருக்கியிலோ லெபனானிலோ ஜப்பானிலோ ஒரு சிறு நகரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வாரம் ஒன்றோ இரண்டோ மேட்ச் ஆடிச் சம்பளம் வாங்குகிற ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றியது.

முதலில் ஒரு கணக்கு. என்.பி.ஏ.வில் 30 அணிகள். அணிக்கு 15 நிரந்தர இடம், 2023 முதல் கூடுதலாக 3 'டூ-வே' இடம், அதாவது என்.பி.ஏ.விலும் அதற்குக் கீழே உள்ள லீகிலும் மாறி மாறி ஆடுகிறவருக்கு. எல்லாம் சேர்ந்து 540 பேர். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் டிவிஷனில் மட்டும் ஆண்கள் அணிகள் 350-க்கு மேல். ஆண்டுதோறும் படித்து முடித்து வெளியே வருகிற கூட்டத்தில், என்.பி.ஏ. அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பெயர் வாசிக்கப்படுவது அதிகபட்சம் 60 பேருக்குத்தான். மிச்சப் பேர்? என்.பி.ஏ.வுக்குக் கீழே ஜி லீக் இருக்கிறது. 2018-19 சீசனில் அங்கே ஐந்து மாதத்துக்குச் சம்பளம் 35,000 டாலர். அமெரிக்காவில் அது பெரிய தொகை இல்லை. அதே ஆள் கடல் தாண்டினால் அதைவிடக் கூடக் கிடைக்கலாம். வீடும் காரும் கிளப்பே கொடுக்கும். பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள்.

இப்படிப் போகிறவருக்கு ஆட்ட உலகில் இருக்கிற பெயர் 'இம்போர்ட்'. கேட்க ஏதோ துறைமுகத்தில் இறங்கிய சரக்கு மாதிரி இருக்கிறது, ஆனால் பிலிப்பைன்ஸ் முதல் இத்தாலி வரை எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: ஒவ்வொரு நாட்டு லீகும் ஓர் அணியில் இத்தனை வெளிநாட்டுக்காரர்தான் இருக்கலாம் என்று எண்ணிக்கை வைத்திருக்கிறது. விலை அந்த இடத்துக்குத்தான். நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடுகிறீர்கள் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இத்தாலியின் முதல் லீகில் 5 வெளிநாட்டவர், 5 இத்தாலியர், இல்லாவிட்டால் 6-க்கு 6 என்று கிளப்புகள் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முறை நெடுநாள் இருந்தது. 2016-ல் தொடங்கிய ஜப்பானின் பி.லீகில் ஒரு நேரத்தில் களத்தில் இரண்டு வெளிநாட்டவர்தான் நிற்கலாம் என்பது பல ஆண்டு விதி. பிலிப்பைன்ஸின் பி.பி.ஏ. இன்னும் வேடிக்கை. 1975-ல் தொடங்கிய இந்த லீக் ஆண்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, பிலிப்பைன் கப்பில் வெளிநாட்டவரே கிடையாது, மற்ற கப்களில் அணிக்கு ஒருவர் என்று வைத்திருக்கிறது. அதிலும் உயரத்துக்கு வரம்பு. கவர்னர்ஸ் கப்பில் பல ஆண்டுகள் ஆறடி ஐந்து அங்குலத்துக்கு மேல் ஆள் எடுக்க முடியாது.

உயர வரம்பு என்றதும் தென்கொரியக் கதையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 2018-19 சீசனுக்கு கே.பி.எல். லீக் ஒரு விதி போட்டது: எந்த வெளிநாட்டு ஆட்டக்காரரும் 200 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. முந்தைய சீசனில் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் டேவிட் சைமன் என்ற அமெரிக்கர். லீக் அலுவலகத்தில் வெறுங்காலோடு நிறுத்தி அளந்தார்கள். 202.1 செ.மீ. வேலை போயிற்று. சார்லஸ் ரோட்ஸ் என்ற இன்னொருவரை அளந்தபோது 199.2 காட்டியது; மனிதர் அங்கேயே கொண்டாடினார். உலகமெல்லாம் உயரம் வேண்டும் என்று ஏங்குகிற ஓர் ஆட்டத்தில், குள்ளமாக இருப்பதற்காக ஒருவர் சந்தோஷப்பட்ட நாள் அது. சிரிப்பும் எதிர்ப்பும் அதிகமாகி அடுத்த ஆண்டே அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் சைமனுக்கு அந்த சீசன் போனது போனதுதான். முந்தைய சீசனில் அவர் எடுத்த அத்தனை புள்ளியும் அன்றைக்கு அவருக்குக் கைகொடுக்கவில்லை.

ஐரோப்பாவில் உயரத்துக்குப் பதில் பாஸ்போர்ட். பெல்ஜியக் கால்பந்து ஆட்டக்காரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு கூடைப்பந்தையும் புரட்டிப்போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமகனை இன்னொரு ஒன்றிய நாட்டு கிளப் வெளிநாட்டவர் கணக்கில் வைத்து ஒதுக்க முடியாமல் போயிற்று. அதனால் அமெரிக்க ஆட்டக்காரர்கள் வம்சாவளியைத் தோண்டத் தொடங்கினார்கள். பாட்டி அயர்லாந்தில் பிறந்தவர் என்றால் பேரனும் அயர்லாந்துப் பாஸ்போர்ட் வாங்கி ஒன்றியத்துக் குடிமகனாகிவிடலாம்; அந்த ஒரு பிறப்புச் சான்றிதழ் அவர்கள் போடும் மூன்று புள்ளி ஷாட்டைவிட மதிப்பானது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் புதிதாக இருக்காது. அந்தக் காலத்தில் ரங்கூன், பினாங்கு, சைகோன் கடைகளுக்கு இங்கிருந்து ஏஜெண்டுகள் மூன்று வருஷத் தவணைக்குப் போனார்கள். சம்பளம் முன்கூட்டியே பேசி எழுதப்படும், அதில் ஒரு பகுதி கையிலேயே வரும், குடும்பம் ஊரிலேயே இருக்கும், தவணை முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், மறுபடி அனுப்புவதா என்பது முதலாளி கையில். கூடைப்பந்து இம்போர்ட்டுக்கும் கிட்டத்தட்ட இதேதான். ஒன்றே ஒன்று, அவருடைய தவணை மூன்று வருஷம் இல்லை. பெரும்பாலும் ஒரு சீசன், அதாவது ஒன்பது பத்து மாதம். அதற்குள்ளேயே பாதியில் அனுப்பிவிடுவதும் உண்டு.

பாதியில் ஏன் அனுப்புவார்கள்? இடம் குறைவு என்பதால்தான். உள்ளூர் ஆட்டக்காரர் இரண்டு மேட்சில் சொதப்பினால் பெஞ்சில் உட்கார வைக்கலாம். இம்போர்ட் சொதப்பினால் அணியின் ஒரு வெளிநாட்டு இடமே வீணாகிறது. அதனால் அவரிடம் எதிர்பார்ப்பே வேறு. பதினைந்து இருபது புள்ளி, கடைசி நிமிடத்தில் பந்து கையில், தோற்றால் பழி தலையில். சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம்தான், என்.பி.ஏ.வில் போல 48 இல்லை. ஐந்து ஃபவுலில் வெளியே போக வேண்டும், அங்கே ஆறு. சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். ஆனால் முதல் பாதியிலேயே மூன்று ஃபவுல் வாங்கிய இம்போர்ட்டைக் கோச் எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி ஒப்பந்தக் காகிதம். "அங்கிட்டுப் போயி பந்து வெளாண்டா மாசாமாசம் ஒழுங்கா சம்பளம் குடுப்பாகளா தம்பி?" என்று தேவகோட்டையில் ஓர் ஆச்சி என்னிடம் கேட்டார். பேரன் நன்றாக வளர்ந்திருக்கிறான், அவருக்கு அந்தக் கவலை. "கொடுப்பாங்க ஆச்சி, ஆனா காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்" என்றேன். "காயிதம் பாக்காம யாரு குடுத்தா, யாரு வாங்குனா?" என்று பதில் வந்தது. அவரிடம் எனக்கு மேலே விளக்க ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மாதம் 4,000 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் அது பெரும்பாலும் 'நெட்' என்று இருக்கும்: அந்த நாட்டு வருமான வரியைக் கிளப்பே கட்டிவிட்டு, 4,000 முழுசாகக் கைக்கு வரும். பத்துத் தவணை, ஆக 40,000. மிச்ச இரண்டு மாதம் சம்பளமே இல்லாத மாதம் என்பதை ஆரம்பத்திலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வீடு, போக்குவரத்து, ஊருக்கு வந்து போக விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் தனித்தனிப் பத்தியாக வரும். 'வீடு' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. தனி வீடா, இன்னொரு ஆட்டக்காரரோடு பங்கா, கரண்ட் பில் யார் கட்டுவது என்பது வரை எழுதியிருக்க வேண்டும். அப்புறம் ஜெயித்தால் போனஸ், பிளே-ஆஃப் போனால் போனஸ். அதைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

எல்லாரும் தாண்டிப் படிக்கிற பத்தி ஒன்று உண்டு: மருத்துவச் சோதனை. விமானத்தில் இறங்கி இரண்டு மூன்று நாளுக்குள் கிளப் டாக்டர் முழங்கால், கணுக்கால், இதயம் எல்லாம் பார்ப்பார். தேறிய பிறகுதான் ஒப்பந்தம் உயிர் பெறும். தேறாவிட்டால் திரும்பும் டிக்கெட். பழைய முழங்கால் காயத்தை மறைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இங்கேதான் அடி விழும். அடுத்தது 'கேரண்டி' என்ற சொல். மருத்துவத்தில் தேறிய பிறகு, ஆட்டம் பிடிக்கவில்லை என்று அனுப்பினாலும், காயம் பட்டாலும் மிச்சச் சம்பளம் உண்டா? உண்டு என்று தெளிவாக எழுதியிருந்தால் அது நல்ல ஒப்பந்தம். 'முதல் இரண்டு மாதம் பார்த்துவிட்டு' என்று இருந்தால் நம்முடைய 40,000 உண்மையில் 8,000.

சரி, காகிதமெல்லாம் பக்காவாக இருந்தும் கிளப் பணம் கொடுக்கவில்லை என்றால்? நடக்கிறது. ஸ்பான்சர் விலகுவார், தலைவர் மாறுவார், மூன்று மாதச் சம்பளம் நிற்கும். ஊரும் மொழியும் தெரியாத இடத்தில் கோர்ட்டுக்கு அலைய முடியாது. இதற்காகவே சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 2000-களின் பிற்பாதியில் ஒரு நடுவர் மன்றத்தை உண்டாக்கியது. இப்போது அதன் பெயர் பேஸ்கட்பால் ஆர்பிட்ரல் டிரிபியூனல், சுருக்கமாக பி.ஏ.டி. இருப்பிடம் ஜெனீவா. எந்த நாட்டுச் சட்டம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், நியாயம் எந்தப் பக்கம் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. தீர்ப்பை மதிக்காத கிளப், புதிதாக ஆள் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போடலாம். பல்லுள்ள தண்டனை அது. ஆனால் ஒரு நிபந்தனை: தகராறு வந்தால் பி.ஏ.டி.யிடம் போவோம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, ரசீது வாங்காமல் நகையை அடகு வைப்பதற்குச் சமம்.

ஏஜெண்ட் விஷயத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கதோஷம் உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா வேலைக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டித்தான் போவது வழக்கம். கட்டி ஏமாந்தவர்களும் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். கூடைப்பந்தில் நடைமுறை தலைகீழ். ஏஜெண்ட் ஃபிபா உரிமம் வைத்திருக்க வேண்டும். அவர் கமிஷன் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஐரோப்பாவில் அதையும் பெரும்பாலும் கிளப்பே கொடுத்துவிடும். ஒப்பந்தம் வருவதற்கு முன்பே 'பதிவுக் கட்டணம்', 'விசா செலவு', 'ட்ரையல் கேம்ப்' என்று பணம் கேட்கிறவர் கூடைப்பந்து ஏஜெண்ட் இல்லை, வேறு ஏதோ ஒரு ஏஜெண்ட்.

இன்னொரு காகிதம், 'லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்'. ஒரு நாட்டில் பதிவான ஆட்டக்காரர் இன்னொரு நாட்டில் ஆட வேண்டுமானால், பழைய நாட்டுக் கூட்டமைப்பு தடையில்லை என்று எழுதித் தர வேண்டும். நமக்கு அது இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு. பழைய கிளப்போடு ஒப்பந்தம் இன்னும் பாக்கி என்பது ஒன்றைத்தான் மறுக்கக் காரணமாகச் சொல்ல முடியும். ஏழு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஃபிபா விதி இருக்கிறது. பெற்றோர் கவனத்துக்கு: 18 வயது ஆகாதவர் நாடு விட்டு நாடு மாறி ஆட, படிப்பு, குடும்ப இடமாற்றம் மாதிரி விசேஷக் காரணம் இருந்தால் தவிர, ஃபிபா அனுமதிப்பதில்லை. பதினாறு வயதுப் பையனுக்கு ஐரோப்பிய கிளப்பில் இடம் என்று யாராவது சொன்னால் இரண்டு முறை கேளுங்கள்.

பெண்கள் ஆட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் விசித்திரம். அமெரிக்காவின் பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ. கோடையில் நடக்கிறது, சம்பளமோ நெடுநாள் ரொம்பக் குறைவு. அதனால் உலகின் முதல்தர ஆட்டக்காரிகளே குளிர்காலத்தில் ரஷ்யா, துருக்கி, சீனா என்று போய்ச் சம்பாதித்தார்கள். 2015-ல் டயானா டொராசியின் ரஷ்ய கிளப், அமெரிக்க சீசனில் ஆடாமல் ஓய்வெடுக்கச் சொல்லி அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தது. அவரும் அந்த ஆண்டு அமெரிக்காவில் ஆடவில்லை. வேலை செய்யாமல் இருக்கச் சம்பளம்! அதே கிளப்புக்கு ஆடப் போன பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி டிசம்பரில்தான் வீடு திரும்பினார். உள்ளூரில் போதுமான சம்பளம் இருந்திருந்தால் அவர் அங்கே போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று அப்போது பலரும் சொன்னார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

நன்றாக அமைந்துவிட்ட வாழ்க்கையும் உண்டு. என்.பி.ஏ.வில் வழி அடைபட்ட ஸ்டீபன் மார்பரி 2010-ல் சீனாவுக்குப் போனார். பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 என மூன்று முறை கோப்பை வாங்கிக் கொடுத்தார். அவருக்கு அங்கே சிலையே வைத்தார்கள். ஆனால் இம்போர்ட்டாகப் போகிற எல்லாருக்கும் சிலை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலோர் ஐந்தாறு நாடு மாறி, முப்பத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு ஊர் திரும்புகிறார்கள். சிலர் ஆஸ்திரேலிய சீசன் முடிந்த கையோடு நியூசிலாந்து லீகில் சேர்ந்து, சம்பளமில்லாத மாதங்களை அடைத்துக்கொள்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் உடம்புக்கு ஓய்வே இல்லை.

இந்தியர்கள்? பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னம் சிங்கை 2015-ல் டல்லஸ் மேவரிக்ஸ் 52-ஆவது ஆளாக டிராஃப்டில் எடுத்தது. இந்தியாவில் பிறந்து டிராஃப்ட் ஆன முதல் ஆள். ஆனால் என்.பி.ஏ. சீசனில் ஒரு மேட்ச்கூட ஆடாமல், கீழ்நிலை லீக், கனடா என்று போய், பிறகு மல்யுத்த மேடைக்கு மாறிவிட்டார். அம்ஜோத் சிங், அம்ரித்பால் சிங் இருவரும் ஜப்பானில் ஆடியவர்கள். 2017-ல் அம்ரித்பால் சிட்னி கிங்ஸிலும், விசேஷ் பிருகுவன்ஷி அடிலெய்டு அணியிலும் ஒப்பந்தம் ஆனார்கள். கேரளத்து கீத்து அன்னா ஜோஸ் அவர்களுக்கெல்லாம் முன்பே ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸில் ஆடிவிட்டு, 2011-ல் டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வுகளுக்கும் போய் வந்தார். இவ்வளவு பெரிய நாட்டுக்கு இந்தப் பட்டியல் சிறிது.

உயரமில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான். அம்ரித்பாலும் அம்ஜோத்தும் ஆறடி எட்டுக்குக் குறையாதவர்கள். ஒரு கிளப் மேலாளர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். வியாழக்கிழமை இம்போர்ட்டுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, அடுத்த வாரம் முக்கியமான மேட்ச். அமெரிக்கர் விசா இல்லாமலே ஐரோப்பாவில் இறங்கலாம், சனிக்கிழமை பயிற்சியில் அவரைப் பார்த்துவிடலாம், வேலை அனுமதியைப் பிறகு முடித்துக்கொள்ளலாம். இந்தியருக்கு முதலில் தூதரகத்தில் அப்பாயிண்ட்மெண்ட் வேண்டும். இருவரும் ஒரே அளவுக்கு ஆடினாலும் இடம் யாருக்குப் போகும்? அதோடு, ஆசிய லீகுகள் இம்போர்ட்டாகத் தேடுவது பெரும்பாலும் உள்ளூரில் கிடைக்காத நெட்டையர்களை. நம் ஊரில் ஆறடி மூன்று அங்குலம் என்றால் கழுத்தை அண்ணாந்து பார்க்கிறோம். அந்தச் சந்தையில் அந்த உயரத்துக்குப் பந்தைக் கொண்டுபோகும் கார்டு வேலைதான், அதற்கு அவர்களிடமே ஆள் இருக்கிறது. 2020-ல் ஜப்பான் ஆசிய நாட்டவருக்கென்று தனி இடம் ஒதுக்கி, முதல் ஆளாக பிலிப்பைன்ஸின் தெர்டி ரவேனாவைச் சேர்த்தபோது, தொடக்கப் பட்டியலில் இந்தியா இல்லை. இப்படிப்பட்ட ஒதுக்கீட்டில் இந்தியாவின் பெயர் வருவது பத்துப் பயிற்சி முகாம்களைவிடப் பெரிய கதவைத் திறக்கும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, நம் வீடுகளில் உண்மையில் நடக்கிற வாக்குவாதம். தமிழ்நாட்டில் நன்றாக ஆடுகிறவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை கிடைக்கும்: ரயில்வே, போலீஸ், வங்கி. அதில் பேர் பெற்றது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணி. பெரியகுளம், கரூர், கோவை என்று கோடை டோர்னமெண்டுகளுக்குப் போனவர்கள் அந்த ஜெர்சியைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டார்கள். அந்த வங்கியை 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கியவர் கானாடுகாத்தான் குடும்பத்து எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். கடல் கடந்த வணிகத்துக்காக வந்த வங்கி, இன்றைக்குப் பையன்கள் கடல் கடக்காமல் இருக்க நல்ல காரணமாக இருக்கிறது. பென்ஷன், மருத்துவச் செலவு, அறுபது வயது வரை மேசை. இதை விட்டுவிட்டு எஸ்டோனியாவில் பத்து மாத ஒப்பந்தத்துக்குப் போ என்று எந்த அப்பா சொல்வார்? நானும் சொல்ல மாட்டேன். வேலையை விடாமல் ஊதியமில்லா விடுப்பில் ஒரு சீசன் போய்வர அலுவலகம் எழுத்தில் அனுமதி கொடுத்தால் மட்டும் போகலாம் என்பேன்.

போகிறவருக்கு இரண்டு சின்ன விஷயம். ஏஜெண்டுக்கு அனுப்பும் வீடியோவில் பாட்டு, ஸ்லோ மோஷன் எல்லாம் வேண்டாம். நல்ல எதிரணியோடு ஆடிய முழு மேட்ச் இரண்டு, ஜெர்சி எண் தெரியும்படி. தோற்ற மேட்ச்சாக இருந்தாலும் பரவாயில்லை, தடுப்பாட்டத்தில் கால் எப்படி நகர்கிறது என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். உயரத்தை ஷூவைக் கழற்றி அளந்து, அதையே எழுதுங்கள். அங்கே போய் இறங்கியதும் எப்படியும் மறுபடி அளப்பார்கள்.